மாத்திரையை விட்டவளுக்குக் கைதட்டல்

இரண்டு வருடங்களுக்கு முன்னால் நடந்தது இது. மாசி முடிந்து பங்குனி வெயில் ஏறத் தொடங்கியிருந்த நேரம். வரதராஜன்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் என் தங்கையைக் கட்டிக் கொடுத்திருக்கிறோம். அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அவள் டீச்சர். நான் அரியலூரில் தையல் கடை வைத்திருக்கிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று சொந்தபந்தமெல்லாம் சொல்லும். இதைப் படித்து முடிக்கும்போது நீங்களும் அதையே சொல்வீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள்.

தங்கைக்கு முடக்குவாதம். வயதானால் மூட்டு தேய்கிறதே, அது இல்லை. நம் உடம்பே நம் மூட்டை எதிரி என்று நினைத்துத் தாக்குகிற வியாதி என்று டாக்டர் சொன்னார். சின்ன வயதிலேயே வந்துவிட்டது. காலையில் எழுந்தால் விரல் மடங்காது. தண்ணீர்ச் செம்பைத் தூக்க முடியாது, ஜாக்கெட் ஊக்கு போட முடியாது. வகுப்பில் சாக்பீஸ் கையிலிருந்து நழுவி விழும், பிள்ளைகள் எடுத்துக் கொடுக்கும். பெரம்பலூரில் ஒரு மூட்டு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். வாரத்துக்கு ஒரு தடவை போடுகிற மாத்திரை, தினமும் போடுகிற ஒரு சின்ன மாத்திரை, கூடவே சத்து மாத்திரை என்று எழுதிக் கொடுத்தார். அதை ஒழுங்காகப் போட ஆரம்பித்த பிறகுதான் அவள் மறுபடியும் மனுஷியானாள். கரும்பலகையில் எழுதினாள், மகளுக்குத் தலை பின்னிவிட்டாள்.

வம்பும் அங்கேதான் ஆரம்பித்தது. மாத்திரை வேலை செய்ததால் பார்க்க நன்றாக இருந்தாள். நன்றாக இருப்பவளுக்கு எதற்கு இத்தனை மாத்திரை என்று தெருவே கேட்க ஆரம்பித்தது. மாத்திரை போட்டாலும் காலையில் விரல் பிடிப்பு விடக் கொஞ்ச நேரம் ஆகும். அந்த நேரம் வாசல் கூட்டாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தால், "டீச்சரம்மாவுக்குச் சொகுசு" என்று பேச்சு. வீங்கிக் கோணிப்போன கையைக் காட்டியிருந்தால் பாவம் என்றிருப்பார்கள். வீக்கம் வடிந்த கையை யார் நம்புவார்கள்?

வீட்டுக்கு வருகிறவர்களெல்லாம் ஆளுக்கொரு பத்தியம் சொல்லிவிட்டுப் போவார்கள். கத்திரிக்காய் ஆகாது என்றாள் ஒருத்தி. தக்காளி ஆகவே ஆகாது என்றாள் இன்னொருத்தி. உருளைக்கிழங்கு வாயு, தயிர் குளிர்ச்சி, புளி எலும்பைக் கரைக்கும். இவர்கள் சொன்னதையெல்லாம் தள்ளிவிட்டுப் பார்த்தால் வெந்நீர்தான் மிச்சம். டாக்டரோ எதையும் தள்ளச் சொல்லவில்லை. மீனும் முட்டையும் கீரையும் நன்றாகச் சாப்பிடுங்கள், எடை ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொன்னார். முடக்கத்தான் தோசை நானே எத்தனையோ தடவை சுட்டுக் கொடுத்திருக்கிறேன். ருசியாகத்தான் இருக்கும். தோசையையும் தின்னு, மாத்திரையையும் போடு என்பதுதான் என் கட்சி.

இதற்கு நடுவில் அவளுடைய நாத்தனார். தங்கை புருஷனுடைய தங்கச்சி, அதே தெருவில்தான் வீடு. அவள் ஏதோ ஒரு கம்பெனியில் ஆள் சேர்த்துவிட்டு, டின்னில் அடைத்த சத்துப் பவுடர் விற்றுக்கொண்டிருந்தாள். பாலில் ஒரு கரண்டி கலந்து குடித்தால் மூட்டில் எண்ணெய் ஊறுமாம். விலையைச் சொன்னால் எனக்கு மறுபடியும் ரத்தம் கொதிக்கும், அதை விடுங்கள். "அண்ணி, இங்கிலீஷ் மாத்திர கிட்னிய அரிச்சிப்புடும். இது மருந்தே இல்ல, சாப்பாடு" என்று தினமும் ஓதிக்கொண்டே இருந்தாள். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும். என் தங்கை அம்மியில்லை, யார் என்ன சொன்னாலும் தலையாட்டுகிற சுபாவம்.

அப்போதுதான் தவக்காலம் வந்தது. நாங்கள் கிறிஸ்தவர்கள், ஆர்சி, அதாவது கத்தோலிக்கர். ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாளும் எங்களுக்கு நோன்புக் காலம். வெள்ளிக்கிழமை கவிச்சி கிடையாது. முடிந்தவர்கள் ஒருவேளைச் சாப்பாட்டோடு ஒருசந்தி இருப்பார்கள். அதோடு ஆளுக்கொரு ஒறுத்தல் எடுப்பது வழக்கம். ஒறுத்தல் என்றால் நமக்குப் பிடித்த ஒன்றை அந்த நாற்பது நாளும் விட்டுவிடுவது. சிலர் காபியை விடுவார்கள், சிலர் வெற்றிலையை. நான் வருடாவருடம் சீரியலை விடுவேன், பாதியில் தோற்றுப்போவேன்.

எங்கள் ஊர்களில் தெருவுக்குத் தெரு அன்பியம் என்று ஒரு ஜெபக் கூட்டம் உண்டு. பத்துப் பதினைந்து வீட்டுக்காரர்கள் ஏதாவது ஒரு வீட்டில் கூடி ஜெபம் சொல்வார்கள். தங்கையின் தெரு அன்பியத்துக்குப் பொறுப்பாளர் அந்த நாத்தனார்தான். தவக்காலம் தொடங்கியதும் கூடிய கூட்டத்தில், யார் யார் என்ன ஒறுத்தல் எடுக்கிறீர்கள் என்று வரிசையாகக் கேட்டிருக்கிறாள். ஒருத்தி காபி, ஒருத்தி கருவாடு, ஒருத்தி செல்போன் என்று சொல்லிக்கொண்டே வந்தார்கள். தங்கையின் முறை வந்ததும் அவள் வாயைத் திறப்பதற்குள் நாத்தனார் முந்திக்கொண்டாள்.

"எங்க அண்ணி மாத்திரைய வுடுறாங்க. நாப்பது நாளும் வலிய ஆண்டவருக்கு ஒப்புக்கொடுக்கப் போறாங்க!"

கூட்டமே கைதட்டியிருக்கிறது. ஒரு பெரியம்மா எழுந்து வந்து தங்கையின் நெற்றியில் சிலுவை போட்டாராம். மாத்திரை நின்றது, மீனும் முட்டையும் நின்றது, வேளைக்குச் சாப்பாடும் நின்றது. பவுடர் மட்டும் நிற்கவில்லை. அது சாப்பாடாம், மருந்தில்லையாம், அதனால் ஒறுத்தலில் சேராதாம். காபியை விட்டார்கள், கருவாட்டை விட்டார்கள், டின்னை விடச் சொல்ல அந்தப் பொறுப்பாளருக்கு மனசு வரவில்லை.

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது, பிறகு கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டது. போனில் பேசும்போதெல்லாம் குரல் சோர்ந்திருந்தது. கேட்டால், "ஒருசந்திக்கா, அதான்" என்பாள். சரி, விரதம்தானே என்று நானும் துணி வெட்டப் போய்விடுவேன்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, தங்கை புருஷனிடமிருந்து போன் வந்தது. "அக்கா, ஸ்கூல் பிரேயர்ல நின்னுக்கிட்டு இருந்தவ அப்படியே சாஞ்சிட்டா. வாந்தியா எடுக்குறா. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வந்துட்டோம், சீக்கிரம் வாங்க" என்றார். மெஷினில் ஊசி குத்திய துணியை அப்படியே விட்டுவிட்டு பஸ் ஏறினேன். வழியெல்லாம் வாய் ஜெபம் சொன்னது, மனசு என்னென்னவோ நினைத்தது.

பக்கத்து டவுன் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். சலைன் ஏறிக்கொண்டிருந்தது. முகம் வெளுத்து, கன்னம் ஒட்டிப்போயிருந்தது. கையைப் பார்த்தேன். விரல் ஒவ்வொன்றும் வெந்த கிழங்குபோல வீங்கியிருந்தது. எந்தக் கையை மீட்டெடுக்க பெரம்பலூருக்கு நடையாக நடந்தோமோ, அந்தக் கை பழையபடி ஆகியிருந்தது.

டியூட்டியில் இருந்த லேடி டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "தெனமும் ஏதாவது மாத்திரை போட்டுக்கிட்டிருந்தாங்களா? திடீர்னு நிறுத்துனாங்களா?" என்பதுதான். தங்கை புருஷன் மெதுவாக ஒறுத்தல் கதையைச் சொன்னார். அவருக்கு முந்திரிக் காடு இருக்கிறது, முந்திரி விழுகிற சீசன், விடிந்தால் காட்டில் இருப்பார். "சாமி காரியம், அவ இஷ்டம்னு வுட்டுட்டேன்க்கா" என்றார். அவர் சட்டையைப் பிடித்து உலுக்கலாம்போல இருந்தது எனக்கு.

டாக்டர் விளக்கிச் சொன்னார். அந்தச் சின்ன மாத்திரையை ரொம்ப நாளாகப் போடுகிறவர்களின் உடம்பு, தானாகச் சுரக்க வேண்டியதைச் சுரக்காமல் மாத்திரையையே நம்பியிருக்கும். குறைப்பதானால் டாக்டர்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். ஒரேயடியாக நிறுத்தினால் பிரஷர் இறங்கி உயிருக்கே ஆபத்தாகும். "நேரத்துக்குக் கொண்டாந்ததால பொழைச்சாங்க. இப்ப ஊசி போட்டிருக்கு. ஆனா வீட்டுக்குப் போயி மாத்திரை போடலைன்னா திரும்ப இதேதான். அடுத்த தடவ கொண்டாந்து சேர்க்க முடியுமான்னு என்னால சொல்ல முடியாது" என்றார்.

நான் வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போது பார்த்து நாத்தனார் வருகிறாள், கையில் பையோடு. பைக்குள் டின். ஆஸ்பத்திரிக்கும் டின்னோடு வருகிறவளை என்ன சொல்வது?

"சத்து எறங்கிப்போச்சு அண்ணிக்கு. பால்ல ரெண்டு கரண்டியாக் கலந்து குடுத்தா..."

"அந்தப் பையத் தூக்கிக்கிட்டு அப்படியே திரும்பி நடந்துரு. இன்னொரு வார்த்த பேசுன, டின்னு உன் தலையில எறங்கும்" என்றேன். வராந்தாவில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் முணுமுணுத்துக்கொண்டே போனாள். அவள் கெட்டவள் என்று நான் சொல்ல மாட்டேன். அவளுக்கும் முழங்கால் வலி உண்டு, அந்தப் பவுடரை அவளும்தான் குடிக்கிறாள். தெரியாதவள் தெரிந்த மாதிரி பேசியதில்தான் என் தங்கை சாகக் கிடந்தாள்.

மத்தியானம் தங்கை கண் விழித்தாள். நர்ஸ் மாத்திரையும் தண்ணீரும் கொண்டு வந்தார். இவள் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"ஈஸ்டர் வரைக்கும் பொறுத்துக்கிறேன்க்கா. எல்லாரு முன்னாலயும் சொல்லியாச்சு."

"யாருடி சொன்னது? நீயா சொன்ன? அவ சொன்னா!"

"நானும் சும்மாதானே இருந்தேன்."

ஏன் இருந்தாய் என்று கேட்டேன். கேட்டதற்கு அவள் சொன்ன பதில்தான் இன்றைக்கும் என் நெஞ்சில் நிற்கிறது. "அக்கா, கல்யாணமாகி வந்ததுலேருந்து அந்தத் தெருவுல என்னைய யாரும் நல்ல வார்த்த சொன்னதில்ல. சோம்பேறி, மாத்திர தின்னி, நடிக்கிறாம்பாங்க. அன்னைக்கித்தான் மொத மொதல்ல கைதட்டுனாங்க. இப்ப காலு நொண்டிக்கிட்டே கோயிலுக்குப் போனா, எந்திரிச்சி எடம் குடுக்குறாங்கக்கா. டீச்சர் எப்புடித் தாங்குதுன்னு பேசிக்கிறாங்க." சொல்லிவிட்டு அழுதாள். கண்ணைத் துடைக்கக்கூட அவளுக்கு விரல் மடங்கவில்லை, நான்தான் துடைத்துவிட்டேன்.

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. அப்படி ஒரு கோபம் என் வாழ்க்கையில் அதற்கு முன்னாலும் வந்ததில்லை, பின்னாலும் வரவில்லை. அவள் எழுந்து நடமாடியபோது ஏசியவர்கள், நொண்டியபோது இடம் கொடுத்திருக்கிறார்கள். என்ன மனுஷர்கள் இவர்கள்?

அன்று சாயங்காலம் அவர்கள் ஊர்க் கோயிலில் சிலுவைப்பாதை, இயேசுவின் பாடுகளை நினைத்துச் சொல்கிற ஜெபம். தவக்கால வெள்ளிக்கிழமையாயிற்றே, ஊரே வரும். தங்கை புருஷனை அவள் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு பஸ் ஏறிப் போனேன். கடைசி ஜெபம் முடிகிற வரைக்கும் பெண்கள் பக்கத்தில் முக்காடு போட்டுக்கொண்டு பொறுமையாகத்தான் முழங்காலில் இருந்தேன். சாமியார், அதாவது அந்தக் கோயில் பாதிரியார், மைக்கில் அறிவிப்பு வாசித்து முடித்ததும் எழுந்து நின்றேன்.

"சாமி, எனக்கும் ஒரு அறிவிப்பு இருக்கு" என்றேன். மைக் இல்லாமலே என் குரல் கடைசி வரிசை வரைக்கும் போகும். "டீச்சரோட அக்கா நானு. எந்தங்கச்சி மாத்திரைய வுட்டான்னு இங்க பல பேரு கைதட்டுனீங்களாம். அவ இப்ப ஆஸ்பத்திரியில கெடக்கா. உசுரு தப்புனதே பெரும்பாடு. இப்பத் தட்டுங்க கைய. ஏன் தட்ட மாட்டேங்கிறீங்க? தட்டுங்க!"

சாமியார் இளவயதுக்காரர், அந்தப் பங்குக் கோயிலுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்காது. "அம்மா, உக்காருங்கம்மா. இத ஞாயித்துக்கெழம பிரசங்கத்துல நான் தெளிவாச் சொல்றேன்" என்றார்.

"ஞாயித்துக்கெழம வரைக்கும் மாத்திர போடாமக் கெடக்கணுமா சாமி அவ? சொல்றத இப்பச் சொல்லுங்க."

அவர் மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கி நடுவில் வந்து நின்றார். நோயாளிக்கு ஒருசந்தியே கிடையாது, திருச்சபை அவர்களுக்கு விலக்குக் கொடுத்திருக்கிறது, மருந்தை விடுவது ஒறுத்தலே இல்லை என்று சொன்னார். இப்படி யார் மாத்திரையை விட்டிருந்தாலும் இன்றைக்கே டாக்டரிடம் கேட்டு ஆரம்பியுங்கள் என்றார். "எனக்குத் தெரியாமப் போச்சு. தெரிஞ்சிக்காம இருந்தது என் தப்பு" என்று கையைக் கூப்பினார். அவர்மேல் இருந்த கோபம் எனக்கு அதோடு போயிற்று.

வாசலில் நாத்தனார் மறித்துக்கொண்டாள். "கோயில்ல வச்சி எம்மானத்த வாங்கிட்டீங்களே" என்றாள். "உம்மானம் போயி எந்தங்கச்சி பொழைச்சா, இன்னும் நாலு கோயில்ல போயி வாங்குவேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவளும் நானும் இன்றைக்கு வரைக்கும் பேசுவதில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். சாமியார் சொன்னதைப் போய்ச் சொல்லியும் என் தங்கை மசியவில்லை. "நீ கோயில்ல கத்துனியா?" என்று அதற்கு வேறு அழுதாள். மறுநாள் காலை டாக்டர் வந்து சொன்னபோதும் பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கத்துவதைத் தவிர எனக்கு வேறு என்ன தெரியும்? கத்தியும் ஆகவில்லை என்றால்?

அப்போது அவள் தெருக்காரப் பெண் ஒருத்தர் பார்க்க வந்தார். அன்றைய கூட்டத்தில் கைதட்டியவர்தான். என்னைக் கண்டதும் பயந்து கதவோரமே நின்றார். நானும் முறைத்தேன். பிறகு தயங்கித் தயங்கிக் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்தார்.

"டீச்சர், சாமி சொன்னதக் கேட்டதுலேருந்து எனக்கு நெஞ்சு படபடங்குது. நான் சுகர் மாத்திரைய வுட்டுட்டேன். நீங்க வலியோட வுடுறீங்க, நம்மளால இதுகூட முடியாதான்னு ஒங்களப் பார்த்துத்தான் வுட்டேன். ரெண்டு நாளாக் கண்ணு மங்குது டீச்சர்."

தங்கை படுக்கையிலிருந்து தூக்கிவாரிப்போட்டு எழுந்தாள். சலைன் குழாய் இழுபட்டது. "ஐயையோ, ஏங்க இப்புடிப் பண்ணீங்க? சுகருக்கு மாத்திர நிறுத்தலாமா? மொதல்ல கீழ போயி டாக்டரப் பாருங்க. போங்க!" என்றாள். வகுப்பில் பிள்ளைகளை அதட்டுகிற அதே குரல். எத்தனையோ நாளுக்குப் பிறகு அந்தக் குரலைக் கேட்டேன்.

அந்தப் பெண் நகரவில்லை. "நீங்க போடுவீங்களா டீச்சர்?" என்றார். "நீங்க போடாம நான் மட்டும் எப்புடி?"

தங்கை என் பக்கம் கையை நீட்டினாள். விரல் குவியவில்லை, மாத்திரையைப் பிடிக்க முடியவில்லை. நான் வாயில் போட்டேன், தண்ணீர் கொடுத்தேன். விழுங்கினாள். அந்த அம்மாவைக் கையோடு இழுத்துக்கொண்டு நானே கீழே சுகர் பார்க்கக் கூட்டிப் போனேன். போகிற வழியெல்லாம் திட்டிக்கொண்டேதான் போனேன், அவரும் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார்.

தங்கை இப்போது தேறிவிட்டாள். அன்றைக்குக் கெட்டுப்போன மூட்டில் இரண்டு விரல் மட்டும் முழுசாக நிமிராது, அது அப்படியேதான் இருக்கும் என்று பெரம்பலூர் டாக்டர் சொல்லிவிட்டார். மற்றபடி மீன் சாப்பிடுகிறாள், முட்டை சாப்பிடுகிறாள், கத்திரிக்காயும் சாப்பிடுகிறாள். வேளைக்கு மாத்திரை போடுகிறாள். தெருவில் மறுபடியும் "டீச்சரம்மாவுக்குச் சொகுசு" என்று பேச ஆரம்பித்துவிட்டார்களாம். "பேசட்டும்க்கா" என்று சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு பெண் வலியில் துடித்தால்தான் அவளை நல்லவள் என்று ஒத்துக்கொள்வோம் என்றால், அந்த நல்ல பெயர் என் தங்கைக்கு மட்டுமில்லை, எந்த வீட்டுப் பெண்ணுக்கும் வேண்டாம் என்றுதான் அவளுடைய நிமிராத அந்த விரல்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுகிறது.